சித்தப்பாவும் 23-ஆவது சென்டிமீட்டரும்

மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. "என்னய்யா, கடையை மூடிட்டியா?"ன்னு தனிமடல் போட்டு விசாரிச்ச ரெண்டு பேருக்கும் நன்றி (ரெண்டே பேருதான்!). ஊர்ல சித்தப்பாவுக்கு முடியாமப் போய் 26 நாள் ஆஸ்பத்திரி. அதுல 17 நாள் வெண்டிலேட்டர். இதையெல்லாம் எழுதலாமா வேணாமான்னு அவருகிட்டயே கேட்டேன். "பேரைப் போடாம எழுதிக்க, ஆனா சோகமா எழுதாத"ன்னுட்டாரு. முயற்சி பண்றேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுறவன். கீழ இருக்கிற மருத்துவ சமாச்சாரம் எல்லாம் மதினி சொல்லிக் கொடுத்தது, அப்புறம் ராத்திரி ராத்திரியா உக்காந்து நான் படிச்சது. மதினின்னா பெரியப்பா மகன் அண்ணனோட சம்சாரம். கோயமுத்தூர்ல ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ்.

கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் வந்திருக்கீங்களா? சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டின்னு போனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பன்னீர் திராட்சைதான். 2023-ல புவிசார் குறியீடு கூட வாங்கிருச்சு. மத்த ஊர் ஆளுங்க வந்து பந்தலுக்குக் கீழ நின்னு போட்டோ எடுப்பாங்க. அந்தப் பந்தலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நெல்லுக்கோ கடலைக்கோ மருந்து அடிச்சா கீழ பார்த்து அடிப்போம். பந்தல்ல தலைக்கு மேல அடிக்கணும். அடிச்சதுல பாதி திரும்ப நம்ம மூஞ்சியிலயும் தோள்லயும்தான் இறங்கும். பங்குனி வெயில்ல, மாவுப்பூச்சி விழுந்திருக்குன்னு சித்தப்பா காலையிலேர்ந்து மூணு மணி வரைக்கும் அடிச்சிருக்காரு. தலையில துண்டு, உடம்புல அரைக்கைச் சட்டை. அம்புட்டுதான் பாதுகாப்புக் கவசம்.

சாயங்காலம் வேர்த்துக் கொட்டி, வாயில எச்சி ஒழுகி, கண்ணு மங்கி, வாந்தி. கம்பத்துல அரசு ஆஸ்பத்திரியில முதல் ஊசி போட்டு 108-ல ஏத்தி விட்டாங்க. போற எடத்துல எல்லாம் சித்திகிட்ட முதல் கேள்வி ஒண்ணுதான்: "குடிச்சாரா, அடிச்சாரா?" நம்ம ஊர்ல பூச்சிக்கொல்லிக்குப் பேரே மருந்துதானே. உயிரைக் காப்பாத்துறதும் மருந்து, பறிக்கிறதும் மருந்து. சித்தி நாலு எடத்துல "அடிச்சாரு சார், அடிச்சாரு"ன்னு சொல்லிச் சொல்லி அழுதிருக்கு. நம்பின மாதிரி யாரும் மூஞ்சியை வச்சுக்கலையாம். எங்க பக்கம் அந்தக் கேள்விக்கு நியாயம் இருக்குங்கிறதுதான் இதுல கொடுமை.

கடைசியா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். பேரும் ஊரும் வேணாம். நான் பெங்களூர்லேர்ந்து போய்ச் சேர்ந்தப்ப ரெண்டாவது நாள். சித்தப்பா எந்திரிச்சு உக்காந்து, "எதுக்குடா லீவு போட்டு ஓடியாந்த?"ன்னு திட்டினாரு. அட்ரோபின் ஊசி வேலை செஞ்சு எச்சி, வேர்வை எல்லாம் நின்னிருச்சு. எல்லாருக்கும் நிம்மதி. மதினிக்கு மட்டும் இல்லை. போன்ல, "தம்பி, அவரை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, தலையணையை விட்டுத் தலையைத் தூக்கச் சொல்லு. நாலு மணிக்கு ஒருக்கா. தூக்க முடியலைன்னா உடனே டாக்டரைக் கூப்பிடு"ன்னாங்க.

இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. இலங்கையில பேராதனையைச் சேர்ந்த சேனநாயக்க, கரல்லியத்த ரெண்டு டாக்டருங்க 1987-ல எழுதின கட்டுரை. இந்த வகைப் பூச்சிமருந்து (ஆர்கனோபாஸ்பரஸ்னு பேரு) உடம்புக்குள்ள போனவங்கள்ல சிலர் முதல் கண்டத்தைத் தாண்டி நல்லா ஆயிட்ட மாதிரி இருக்கிறப்ப, 24 மணியிலேர்ந்து 96 மணி நேரத்துக்குள்ள திடீர்னு கழுத்து, தோள், மூச்சுத் தசை எல்லாம் செயலிழந்து போகுதுன்னு 10 நோயாளிகளை வச்சு எழுதினாங்க. 18 நாள் வரைக்கும்கூட அது நீடிச்சிருக்கு. 'இடைநிலை' நோய்க்குறின்னு பேரு வச்சாங்க. முதல் அடையாளமே தலையைத் தூக்க முடியாம போறதுதான். இன்னைக்கு இந்த மாதிரி கேஸ்ல மூணாவது நாள், நாலாவது நாள் வரைக்கும் விடாம கண்காணிக்கிறாங்கன்னா, அதுல இந்தக் கட்டுரைக்கு முக்கியமான பங்கு உண்டு. நம்ம பக்கத்து வயக்காட்டுல நடந்ததை, நம்ம பக்கத்துத் தீவுலேர்ந்து கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்காங்க.

மூணாவது நாள் ராத்திரி பத்து மணிக்குச் சித்தப்பா தலையைத் தூக்கினாரு. ரெண்டு மணிக்குத் தூக்க முடியலை. "கழுத்து வலிக்குதுடா"ன்னாரு, குரல் மூக்கால வந்துச்சு. டாக்டரைக் கூப்பிட்டோம். அரை மணி நேரத்துல வாய் வழியா குழாய் இறங்கியாச்சு.

எங்க ஊர்ல 'மிசின்ல வச்சிட்டாக'ன்னா பாதி பேரு பாடைக்குச் சொல்லி விட்டுருவாங்க. 2021-ல கொரோனா இரண்டாம் அலையில அந்த வார்த்தை இன்னும் கெட்டுப் போச்சு. உள்ள போய்ப் பார்க்கிற வரைக்கும் நானும் வெண்டிலேட்டர்தான் ஆளைக் காப்பாத்துற சமாச்சாரம்னு நெனைச்சிட்டிருந்தேன். அது காத்தை அடிக்குது, அவ்வளவுதான். மத்தது எல்லாம் அந்தக் குழாய்லதான் இருக்கு. சுண்டுவிரல் தடிமன், வளைஞ்ச பிளாஸ்டிக். மேல சென்டிமீட்டர் கோடு போட்டிருக்கும், நம்ம ஸ்கூல் ஸ்கேல் மாதிரி. நுனிக்குக் கிட்ட ஒரு சின்ன பலூன். உள்ள போனதும் அதுல காத்து ஏத்தினா மூச்சுக்குழாயோட ஒட்டி நிக்கும். மிசின் அடிக்கிற காத்து வெளிய கசியாது, வாயில ஊறுற எச்சி முழுசா கீழ இறங்காது.

மதினி போன்ல கேட்ட முதல் கேள்வி, "பல்லுகிட்ட எத்தனை நம்பர் தெரியுது?" பார்த்துச் சொன்னேன், 23. "ஆம்பளைக்கு 23, பொம்பளைக்கு 21, சுமாரா. அதை ஞாபகம் வச்சுக்க." 26-க்குப் போனா என்ன, 19-க்கு வந்தா என்னன்னு கேட்டேன். கீழ இறங்கினா வலது நுரையீரலுக்குள்ள போயிரும், வலது கிளைதான் நேரா இறங்குது. இடது பக்கம் காத்தே போகாது. மேல வந்தா பலூன் குரல்நாண்ல வந்து உக்காரும், அப்புறம் எப்ப வேணாலும் வெளிய வந்திரும். மூணு சென்டிமீட்டர் அங்கிட்டு இங்கிட்டு. அதுக்குள்ளதான் ஆளோட ஆயுசு.

ரெண்டாவது கேள்வி: "மானிட்டர்ல மலை மலையா ஒரு கோடு போகுதா?" போச்சு. மூச்சு விடறப்ப வெளிய வர்ற கரியமில வாயுவோட படம் அது. ஏறி, மேல தட்டையா கொஞ்ச தூரம் போய், சடார்னு இறங்கும், மெட்டு ரோடு மாதிரி. அந்தக் கோடு இருந்தா குழாய் மூச்சுக்குழாய்லதான் இருக்குன்னு அர்த்தம். மலை காணாமப் போனா வேற எதையும் பார்க்காதே, குழாயைப் பாருன்னாங்க. பிரிட்டன்ல 2011-ல குழாய், மூச்சுப்பாதை சம்பந்தமான விபத்துகளை நாடு முழுக்கச் சேகரிச்சு ஒரு பெரிய அறிக்கை போட்டாங்க, நாப்-4ன்னு பேரு. ஐ.சி.யூ.வுல நடந்த அந்த மாதிரி சாவுகள்ல 70 சதவீதத்துக்கு மேல இந்தக் கோடு இல்லாதது ஒரு காரணமா இருந்திருக்கு. வெண்டிலேட்டர் பக்கத்துல வச்சா அது சின்னக் கருவிதான்.

சித்தப்பா முழிச்சிட்டுத்தான் இருந்தாரு. இதுதான் எங்களை ரொம்பப் படுத்தின விஷயம். இந்த நோயில தசைதான் போகுது, மூளை போகலை. எல்லாம் கேக்குது, எல்லாம் புரியுது. பக்கத்துல நின்னு சொந்தக்காரங்க "அந்த வரப்புத் தகராறு இனி என்னாகும்"னு பேசினதும் கேட்டிருக்கு (பேசினவங்களுக்கு இப்போ நல்லா வாங்கிக் கட்டியாச்சு). மயக்க மருந்து லேசாத்தான் குடுத்தாங்க. குழாயைப் பிடுங்கிரக் கூடாதுன்னு ரெண்டு கையையும் துணியால கட்டில்ல கட்டியிருந்தாங்க. சித்தி அதைப் பார்த்துட்டு வெளிய போய் உக்காந்திருச்சு. தோளே தூக்க முடியாதவருக்கு எதுக்குக் கட்டுன்னு மதினிகிட்ட கேட்டா, "பலம் எப்பத் திரும்பும்னு சொல்ல முடியாது. திரும்பின அன்னைக்கு முதல்ல கை அங்கதான் போகும்"னாங்க.

விரல் நுனி மட்டும் அசைஞ்சது. ஆமாவுக்கு ஆள்காட்டி விரலைத் தூக்குவாரு. ஆனா இவரா ஏதாச்சும் சொல்லணும்னா? வெளிநாட்டுல எழுத்து அட்டை வச்சிருப்பாங்க, ஒவ்வொரு எழுத்தா தொட்டுக் கேக்கணும். இங்கிலீஷுக்கு 26 எழுத்து. நமக்கு 247! ஒவ்வொண்ணாக் கேட்டா 'தண்ணி'ன்னு முடிக்கிறதுக்குள்ள தாகமே போயிரும்.

அப்பத்தான் நம்ம தமிழ்99 ஞாபகம் வந்துச்சு. ஈ-கலப்பை காலத்துலேர்ந்து தங்கிலீஷா தமிழ்99-ஆன்னு எத்தனை சண்டை போட்டிருப்போம். அதுல 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், 31 கட்டையில மொத்தத் தமிழும் முடிஞ்சு போகுதுல்ல. அதையே அட்டையில போட்டேன். மேல மூணு வரி: க ச ட த ப ற, ங ஞ ண ந ம ன, ய ர ல வ ழ ள. கீழ 12 உயிரும் ரெண்டு வரியா. முதல்ல எந்த வரின்னு கேக்கணும், அப்புறம் அதுல எந்த எழுத்து, அப்புறம் எந்த உயிர். எட்டாவதோட நிறுத்தின மனுசன், பத்து நிமிசத்துல பிடிச்சுக்கிட்டாரு.

மிசின்ல வச்சு நாலாவது நாள் அது. முதல் எழுத்து: முதல் வரி, க, அ. ரெண்டாவது: மூணாவது வரி, ய, இ. 'கயி' வந்ததும் சித்தி கத்திருச்சு, "கயிறு! கையக் கட்டிப் போட்டிருக்கிறத சொல்றாக!" விரல் அசையலை. "கையில இல்லையா?" விரல் தூக்கினாரு. "பின்ன எங்க, வாய்லயா?" மறுபடி தூக்கினாரு. சிஸ்டர் வந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா, குழாயைக் கட்டியிருந்த நாடா இடது பக்க வாயோரத்துல அறுத்து, காசு அகலத்துக்குப் புண்ணு. ரெண்டு பேரு சேர்ந்து, ஒருத்தர் குழாயை அசையாமப் பிடிச்சுக்க, இன்னொருத்தர் நாடாவை அவுத்து, குழாயை வலது பக்கமா மாத்தி, தோல்ல பஞ்சு வச்சுக் கட்டினாங்க. தனியா ஒருத்தர் இதைச் செய்யவே கூடாதாம்.

சளி உறிஞ்சறது தனிக் கொடுமை. மெல்லிசா இன்னொரு குழாயை உள்ள விட்டு உறிஞ்சுவாங்க. சித்தப்பா மூஞ்சி செவந்து கண்ணுல தண்ணி வரும். அதுக்கு முன்னாடி நூறு சதவீத ஆக்சிஜன் குடுக்கணும், ஒரு தடவைக்கு 15 செகண்டைத் தாண்டக் கூடாது. "சிஸ்டர் உறிஞ்சறப்ப நீயும் மூச்சைப் பிடிச்சுக்க. உனக்கு முட்டுற நேரம் அவருக்கும் முட்டும்"னாங்க மதினி. புது சிஸ்டருங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்களாம். பிடிச்சுப் பார்த்தேன். 15 செகண்டு ரொம்ப நீளம்.

ஏழாவது நாள் சாயங்காலம் தொண்டையில 'களக் களக்'னு ஒரு சத்தம். மிசின் அலறுது. டூட்டி சிஸ்டர் வந்து, வெளிய தொங்குற சின்னக் குமிழை (உள்ள இருக்கிற பலூனோட அழுத்தம் இதுல தெரியும்) கட்டைவிரலால அமுக்கிப் பார்த்துட்டுக் கொஞ்சம் காத்து ஏத்தினாங்க. சத்தம் நின்னுச்சு. ஒரு மணி நேரத்துல மறுபடி. மறுபடி காத்து. மூணாவது தடவை நான் குனிஞ்சு பல்லுகிட்டப் பார்த்தேன். 20. கட்டில் கால்மாட்டுல இருந்த சார்ட்டைப் புரட்டினா காலையில 23, மதியம் 23, சாயங்காலம் 23. மேல இருந்ததை அப்படியே காப்பி பண்ணியிருக்காங்க. நம்ம தொழில்லயும் இது உண்டு, ஆனா அங்க சர்வர்தான் படுக்கும்.

நாடா மாத்தினப்பவோ, புரட்டிப் படுக்க வச்சப்பவோ குழாய் மெல்ல மேல ஏறியிருக்கு. பலூன் குரல்நாணுக்குக் கிட்ட வந்ததால கசிவு. அதுக்கு மேல மேல காத்தை ஏத்தினா பலூன் இன்னும் மேலதான் தள்ளும். சின்ன டாக்டர் ஒருத்தர், என்னை விட வயசு கம்மியா இருப்பாரு, கோவிச்சுக்காமக் கேட்டுக்கிட்டு வந்து பார்த்தாரு. ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து அழுத்தம் பார்க்கிற மீட்டரைக் கொண்டாரச் சொன்னாரு. ஐ.சி.யூ.வுல அது ஒண்ணுகூட இல்லைங்கிறது அப்பத்தான் தெரிஞ்சது. அழுத்தம் 46 காட்டுச்சு. 20-லேர்ந்து 30 செ.மீ. தண்ணி அழுத்தத்துக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்தம் ஓடாது, புண்ணாகும், பின்னாடி சுருங்கிக்கூடப் போகலாம். 20-க்குக் கீழ போனா எச்சி கசிஞ்சு நுரையீரலுக்குப் போய் நிமோனியா. சைக்கிள் டியூப்புக்குக் காத்து அடிக்கிற மாதிரி விரலால அமுக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பலூனை இறக்கி, குழாயை 23-க்கு உள்ள தள்ளி, 25 அழுத்தத்துல நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்துட்டுத்தான் அந்த டாக்டர் போனாரு. மறுநாள்லேர்ந்து அந்த மீட்டர் ஐ.சி.யூ.வுலயே இருந்துச்சு.

நிமோனியா இருந்தாலும் வந்திருச்சு. அதைப் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்லை, ஆன்டிபயாடிக், காய்ச்சல், பில். தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாம உயர்த்தி வைக்கச் சொன்னாங்க, கட்டில் சரியாம பார்த்துக்கிறது எங்க வேலை. தினம் பல் விலக்கி விட்டாங்க. முன்னாடி எல்லா எடத்துலயும் வாயைக் குளோர்ஹெக்சிடின் போட்டுத் துடைப்பாங்களாம். 2022-ல அமெரிக்க வழிகாட்டு நெறிமுறை அது வேணாம், பிரஷ் போட்டுப் பல் விலக்கினாப் போதும்னு மாத்திருச்சு. வேப்பங்குச்சி சேர்த்தி இல்லைன்னு நெனைக்கிறேன் :)

பத்தாவது நாள் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னாரு, கழுத்துல துளை போட்டு அது வழியா குழாயை மாத்திரலாம், யோசிச்சுச் சொல்லுங்கன்னு. வெராண்டாவுல பஞ்சாயத்து. பெரியப்பா, "கழுத்துல ஓட்டை போட்டா பேச்சு போச்சு. தம்பி ஊமையா வந்து என்ன பண்ணப் போறான்"ங்கிறாரு. சித்திக்கு எதுவும் ஓடலை. எல்லாரும் என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க, படிச்ச பிள்ளையாம்.

ராத்திரி உக்காந்து தேடினேன். பிரிட்டன்ல டிராக்மேன்னு ஒரு ஆய்வு, 2013-ல வெளியானது. தொள்ளாயிரம் பேருக்கு மேல. பாதி பேருக்கு நாலு நாளுக்குள்ள துளை போடறது, மீதி பேருக்குப் பத்து நாள் கழிச்சு, அப்பவும் தேவைப்பட்டா மட்டும். சாவு விகிதத்துல வித்தியாசம் இல்லை. காத்திருந்த குரூப்ல பாதிக்கு மேல பேருக்குத் துளையே தேவைப்படலை. ஆகா, காத்திருக்கலாம்னு எனக்கு ஒரே சந்தோஷம். மதினிகிட்ட சொன்னேன். அவங்க பொறுமையா, "சரிதான் தம்பி. ஆனா நீங்க ஏற்கனவே பத்து நாள் காத்திருந்தாச்சு. இன்னைக்குத் தலையைத் தூக்கினாரா?"ன்னு கேட்டாங்க. தூக்கலை.

பெரியப்பாவுக்கு ஆய்வெல்லாம் ஏறாது. அவருக்கு டென்மார்க் கதையைச் சொன்னேன். 1952, கோபன்ஹேகன், போலியோ பரவி மூச்சு விட முடியாம ஜனங்க செத்துட்டிருந்த நேரம். இப்சன்னு ஒரு மயக்க மருந்து டாக்டர், 12 வயசுப் பொண்ணுக்குக் கழுத்துல துளை போட்டு, பலூன் வச்ச குழாயை விட்டு, கையால ரப்பர் பையை அமுக்கி மூச்சு குடுத்தாரு. பொண்ணு பொழைச்சுருச்சு. அப்புறம் மாசக்கணக்கா சுமார் 1500 மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் உக்காந்து கையால அமுக்கினாங்க. இன்னைக்கு இருக்கிற ஐ.சி.யூ.வே அந்தத் துளையிலேர்ந்து வந்ததுதான். பெரியப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "கையாலயா அமுக்கினாக? ராவும் பகலுமா?"ன்னு மட்டும் கேட்டாரு. பேச்சு திரும்ப வரும், குழாயை எடுத்ததும் துளை தானா மூடிரும்னு டாக்டர் ஒரு தாள்ல படம் வரைஞ்சு காட்டினாரு. சித்தப்பாகிட்டயும் கேட்டோம். விரலைத் தூக்கினாரு. சித்தி கையெழுத்துப் போட்டுச்சு.

பதினோராவது நாள் கட்டில்லயே வச்சுச் செஞ்சாங்க. வாய் காலியானதும் மனுசன் மூஞ்சியே மாறிருச்சு. மயக்க மருந்து நின்னுச்சு, கைக்கட்டு போச்சு. ஆனா முதல் ஒரு வாரம் இந்தக் குழாய் வெளிய வந்தா ஆபத்து, துளை இன்னும் பாதையா ஆகியிருக்காது, திரும்ப அது வழியா விடறது கஷ்டம். நாப்-4 அறிக்கையிலயும் ஐ.சி.யூ.வுல அதிகமா ஆளைச் சாய்ச்சது இடம் மாறின கழுத்துக் குழாய்தான். மதினி சொன்னபடி ஒரு தாள்ல குழாய் சைஸ், போட்ட தேதி, வெளிய வந்தா வாய் வழியா ஆக்சிஜன் குடுக்கலாம், யாரைக் கூப்பிடணும்னு எழுதித் தலைமாட்டுல ஒட்டச் சொல்லிக் கேட்டோம். பிரிட்டன்ல இதுக்குப் பச்சைக் கலர்ல அச்சடிச்ச தாளே இருக்கு. இங்க சின்ன டாக்டர் ஸ்கெட்ச் பேனாவால எழுதி ஒட்டினாரு.

பதினஞ்சாவது நாள் தலை தலையணையை விட்டு ரெண்டு விரற்கடை எழும்புச்சு. பதினேழாவது நாள் மிசினை எடுத்தாங்க. நாலு நாள் கழிச்சுக் குழாயையும் எடுத்துட்டு, துளையில பஞ்சு வச்சு ஒட்டினாங்க. பேசறப்ப அதை விரலால அமுக்கிக்கணும், இல்லைன்னா காத்து அங்கிட்டு போயிரும். கரகரன்னு ஒரு குரல்ல முதல்ல கேட்டது, "பழத்தை யாருடா வெட்டினது, என்ன வெலைக்குப் போச்சு?" சொன்ன வெலையைக் கேட்டு விரலை எடுத்துட்டாரு, திட்டினது காத்தோட போச்சு.

துளை மூடிருச்சு, கழுத்துல ஒரு சின்னத் தழும்பு. தமிழ்நாட்டுல 2022 கடைசியில மோனோகுரோட்டோபாஸ் உட்பட ஆறு மருந்துக்கு 60 நாள் தடை போட்டாங்க. இலங்கையில அந்த மோனோகுரோட்டோபாஸை 1995-லயே நிறுத்திட்டாங்க. சித்தப்பாவுக்கு நீளக்கைச் சட்டை, கண்ணாடி, மாஸ்க் எல்லாம் வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கேன். பந்தலுக்குக் கீழ அந்த வெயில்ல அதைப் போட்டுட்டு எவ்வளவு நேரம் நிப்பாருன்னு தெரியலை. போன வாரம் போன்ல கேட்டதுக்கு, "கண்ணாடி மட்டும் போடறேன்"னாரு. சித்தி பின்னாலேர்ந்து, "பொய்யி"ன்னுச்சு.

அந்த எழுத்து அட்டை இப்போ எங்ககிட்ட இல்லை. அடுத்த கட்டில்ல பக்கவாதம் வந்து படுத்திருந்த போடிக்காரர் வீட்டுல கேட்டு வாங்கிக்கிட்டாங்க. மறுபடி ஒண்ணு ஒழுங்காப் பண்ணிட்டிருக்கேன். ங, ஞ ரெண்டையும் தூக்கிட்டேன், சித்தப்பா ஒரு தடவைகூட கேக்கலை. அந்த எடத்துல 'வலி', 'தண்ணி', 'சளி', 'புரட்டு' நாலையும் முழு வார்த்தையா வைக்கிற எண்ணம். எ-ஏ, ஒ-ஓ குறில் நெடில்லதான் சித்தப்பா ரொம்பக் குழம்பினாரு, அதைச் சேர்த்து ஒரே கட்டமாப் போட்டா போதுமா? தமிழ்99 கோஷ்டி யாராச்சும் யோசிச்சுச் சொல்லுங்க. தங்கிலீஷ் கோஷ்டியும் சொல்லலாம் :)